முயல்குட்டிக்கு வந்த அமைச்சர் கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஆறு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன். உங்கள் தளத்தை விடாமல் வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல்முறை.

என் மகளுக்கு ஐந்து வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அவள் எண்ணக் கற்றுக்கொண்டதும், ஆங்கில எழுத்துகளின் ஒலியைப் பிடித்துக்கொண்டதும் பெரும்பாலும் இங்குள்ள பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் குழந்தைகள் சேனலைப் பார்த்துத்தான். 2025இல் பொதுத் தொலைக்காட்சிக்கான மத்திய அரசின் பணத்தை மொத்தமாக நிறுத்தியபோது நான் வருத்தப்பட்டேன். அலுவலகத்தில் ஒரு நண்பர் அதைக் கேட்டுவிட்டு, “என் வரிப்பணத்தில் எனக்குப் பிடிக்காத அரசியலை ஏன் ஒளிபரப்ப வேண்டும்? குழந்தைகளுக்குத்தான் யூடியூப் இருக்கிறதே?” என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நல்ல மனிதர், சண்டைக்காகக் கேட்டவரும் இல்லை.

அப்புறம், பொதுத் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ், அதற்குப் பணம் கேட்டு 1969இல் செனட்டில் பேசிய அந்த வீடியோவை அந்த நாட்களில் எல்லோரும் எனக்கு அனுப்பினார்கள். பார்த்தால் கண் கலங்குகிறது. ஆனால் அப்படிப் பேச இன்றைக்கு ஆள் இல்லாததால்தான் இப்படி ஆனது என்று நினைக்கலாமா? அரசியல்வாதிகளுக்குச் செய்திகள் மீது கோபம் என்றால் அது புரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொடுக்கும் பொம்மை மேல் என்ன கோபம்? கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் கேட்டதைத் தட்டிக்கழிக்க முடியாது. தன் காசில் நடக்கும் தொலைக்காட்சி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வரி கட்டுகிறவருக்குத் தோன்றினால், அதை உரக்கச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் கணக்குக் கேட்பது வேறு, குரல்வளையில் கை வைப்பது வேறு. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் கதை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடப் பார்த்த கதைதான். அந்தக் கோட்டை ஒவ்வொரு முறையும் யாராவது வந்து அழித்திருக்கிறார்கள்.

அரசுப் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி என்றதும் நமக்கு அமைச்சர் ரிப்பன் வெட்டும் செய்திதான் நினைவுக்கு வரும். பிபிஎஸ் அப்படிப்பட்டது இல்லை. அது அரசு சேனலே கிடையாது. ஊர் ஊராக இருக்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி நிலையங்கள் சேர்ந்து நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் அமைப்பு. சில நிலையங்களைப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன, சிலவற்றை மாநிலங்கள், மற்றதை உள்ளூர் லாபநோக்கற்ற அமைப்புகள். 1967 நவம்பர் 7 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட பொது ஒளிபரப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடித்தளம். அந்தச் சட்டம் பொது ஒளிபரப்புக் கழகம் என்ற ஒன்றை நடுவில் வைத்தது. பணம் அரசிடமிருந்து கழகத்துக்கு வரும், கழகம் அதைப் பிரித்து நிலையங்களுக்குக் கொடுக்கும், அரசியல்வாதியின் கை கழகத்தின் வாசலோடு நின்றுவிடும் என்பது ஏற்பாடு. அரசின் எந்தத் துறையோ அதிகாரியோ இதை இயக்கவோ மேற்பார்வையிடவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அதே சட்டத்தில் இரண்டு ஓட்டைகளும் இருந்தன. ஒன்று, கழகத்தின் இயக்குநர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. இன்னொன்று பணம். சட்டம் வருவதற்கு முன் இதை ஆராய்ந்த கார்னகி குழு, விற்பனையாகும் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டி மீதும் சிறிய வரி போட்டு அதை நேராக இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. அப்படிச் செய்திருந்தால் வருடா வருடம் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியிருந்திருக்காது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. பணப்பையின் கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. இப்போது நீங்கள் பார்க்கும் எல்லாமே அங்கே ஆரம்பித்ததுதான் என்பது என் எண்ணம்.

சரி, ரோஜர்ஸ் வீடியோவுக்கு வருகிறேன். 1969 மே 1. செனட்டின் தகவல்தொடர்பு துணைக்குழு. தலைவர் ஜான் பாஸ்டோர், ரோட் ஐலண்டு மாநிலத்துக்காரர், கறாரான ஆள். பொது ஒளிபரப்புக்குக் கேட்டிருந்தது 2 கோடி டாலர். புதிதாக வந்த நிக்சன் அரசு அதைப் பாதியாக்கப் பார்த்தது. ரோஜர்ஸ் எழுதிக் கொண்டுவந்த அறிக்கையைப் படிக்கவில்லை. குழந்தைக்குக் கோபம் வரும்போது அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தான் சொல்லித்தருவதைப் பற்றி, வீட்டில் பேசுகிற குரலில், அவசரமில்லாமல் பேசினார். ஒரு பாட்டின் வரிகளைச் சொன்னார். ஆறேழு நிமிடம்தான். பாஸ்டோர் தனக்கு மயிர்க்கூச்செறிந்ததாகச் சொன்னார், அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்றார்.

நானும் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீடியோ ஒரு தப்பான நம்பிக்கையையும் கூடவே கொடுத்துவிடுகிறது. ஒரு நல்ல மனிதர் வந்து மனமுருகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. வீடியோ முடிகிற இடத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று யாரும் சேர்த்து அனுப்புவதில்லை.

1971இல் பொதுத் தொலைக்காட்சி தன் செய்திப் பிரிவுக்கு சாண்டர் வனோக்கர், ராபர்ட் மக்நீல் என்ற இரண்டு செய்தியாளர்களை எடுத்தது. வெள்ளை மாளிகைக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. பொது ஒளிபரப்புக்கான பணத்தையெல்லாம் உடனே வெட்டச் சொல்லி ஜனாதிபதி கேட்டதாக அப்போது உள்ளே ஓடிய குறிப்பு ஒன்று பின்னால் வெளியே வந்தது. வெளியே சொன்ன காரணம் வேறு: அதிகாரம் ஒரே இடத்தில் குவிகிறது, உள்ளூர் நிலையங்களுக்குச் சுதந்திரம் வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். 1972 ஜூன் 30 அன்று, இரண்டு வருடத்துக்கு 15.5 கோடி டாலர் தருவதற்கான மசோதாவை நிக்சன் வீட்டோ செய்தார். கழகத்தின் தலைவரும் நிர்வாகத் தலைவரும் பதவியை விட்டுப் போனார்கள். அதாவது, ரோஜர்ஸ் பேசி செனட்டரை உருக வைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கோபம் செய்தியாளர்கள் மேல். ஆனால் வீட்டோ அவர்கள் சம்பளத்தை மட்டும் தேடிப்பிடித்து நிறுத்தாது, பொம்மைகளுக்கும் சேர்த்துத்தான் நிறுத்தும். உங்கள் கடைசிக் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்த வருடமே, 1973இல், நிக்சன் அரசையே உலுக்கிய வாட்டர்கேட் விசாரணையை அதே பொதுத் தொலைக்காட்சி முதலிலிருந்து கடைசி வரை ஒளிபரப்பியது. தொகுத்து வழங்கியவர்கள் அதே மக்நீலும் ஜிம் லேரரும். பகலில் வேலைக்குப் போனவர்கள் பார்க்கட்டும் என்று இரவில் மறுபடி முழுதும் போட்டார்கள். மக்கள் நிலையங்களுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அந்த அடிக்கு அப்புறம்தான் ஒரு தடுப்புச்சுவர் கட்டினார்கள். 1975இல் ஒரு சட்டம், பல வருடங்களுக்கான பணத்தைச் சேர்த்து அனுமதிப்பதற்கு. காலப்போக்கில் அது இரண்டு வருடம் முன்னதாகவே ஒதுக்கிவிடும் வழக்கமானது. இந்த வருடம் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் செலவாகும். இன்றைக்கு ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு செனட்டருக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபம் இன்றைய சம்பளத்தைத் தொடாது. நல்ல யோசனை. ஐம்பது வருடம் பெரும்பாலும் தாங்கியது. 2025இல் அதை எப்படிக் கடந்தார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பொம்மை மேல் என்ன கோபம் என்ற கேள்விக்கு மீதிப் பதில். குழந்தைகள் நிகழ்ச்சி மேல் அரசியல்வாதிகளுக்கு நேரடியாகவே கோபம் வந்த சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. 1970இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம், எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் செசமி ஸ்ட்ரீட் என்ற பொம்மை நிகழ்ச்சியை ஒளிபரப்ப மாட்டோம் என்று வாக்களித்தது. நிகழ்ச்சி ஆரம்பித்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரணம், அந்தத் தெருவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள், குழந்தைகள் சேர்ந்து விளையாடினார்கள். எழுத்து, எண் எதிலும் யாரும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. செய்தி வெளியே வந்து நாடு முழுக்கக் கண்டனம் எழுந்ததும் சில வாரங்களிலேயே பின்வாங்கினார்கள். குழந்தைக்கு ‘ஏ’ சொல்லிக்கொடுக்க யாரைத் திரையில் நிற்க வைக்கிறோம் என்பதே ஓர் அரசியல் முடிவு. பிடிக்காதவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும்தான் அது சாதாரணத் தெருவாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் பதறுகிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2005இல் நடந்தது. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பஸ்டர் என்று ஒரு கார்ட்டூன் முயல். கையில் வீடியோ கேமராவோடு அப்பாவுடன் ஊர் ஊராகப் போகும். போகும் இடத்தில் இருப்பவர்கள் கார்ட்டூன் இல்லை, நிஜக் குழந்தைகள், நிஜக் குடும்பங்கள். முயல் அவர்களைப் படம்பிடிப்பதுபோல அமைத்திருப்பார்கள். போஸ்டனில் இருக்கும் டபிள்யூஜிபிஎச் நிலையத்தின் தயாரிப்பு. பணத்தில் பெரும்பங்கு கல்வித்துறையின் ‘ரெடி டு லேர்ன்’ மானியத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் எத்தனை விதம் என்று குழந்தைகளுக்குக் காட்டுவதுதான் தொடரின் வேலையே. மார்மன் குடும்பம், பழமை வழுவாத யூதக் குடும்பம், முஸ்லிம் குடும்பம், பெந்தெகொஸ்தே குடும்பம் எல்லாம் வந்துபோயிருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓர் எபிசோடில் முயல் வெர்மான்ட் போகிறது. மேப்பிள் மரத்திலிருந்து சாறு இறக்கி, காய்ச்சி, சர்க்கரைப் பாகு எடுப்பதைப் பார்க்கப் போகிறது. பாலாடைக்கட்டி செய்வதையும் பார்க்கிறது. அது தங்கிப் பழகும் வீட்டில் குழந்தைகளுக்கு இரண்டு அம்மாக்கள். அதைப் பற்றி விளக்கமோ பிரசங்கமோ கிடையாது. வீட்டை அறிமுகப்படுத்தும்போது அவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் சர்க்கரைப் பாகுதான்.

மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் அப்போதுதான் கல்வி அமைச்சராகப் பதவியேற்றிருந்தார். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், 2005 ஜனவரி 25 அன்று, பிபிஎஸ் தலைவர் பாட் மிட்செலுக்குக் கடிதம் எழுதினார். இந்த வாழ்க்கைமுறையைத் தங்கள் பிள்ளைகள் பார்ப்பதைப் பல பெற்றோர் விரும்ப மாட்டார்கள், கல்வித்துறையின் பெயரையும் முத்திரையையும் இந்த எபிசோடிலிருந்து எடுத்துவிடுங்கள், இதற்குச் செலவான அரசுப் பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றி யோசியுங்கள் என்பது சாரம்.

பிபிஎஸ் அந்த எபிசோடை நிலையங்களுக்கு அனுப்பவில்லை. கடிதத்துக்குப் பயந்து நிறுத்தினோம் என்று அவர்கள் சொல்லவில்லை. கடிதம் வருவதற்கு முன்பே நாங்களாக எடுத்த முடிவு அது என்றார்கள். தம்பி, இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், நான் நம்பத் தயார். அப்படியானால் அது இன்னும் மோசம். கடிதம் வந்து சேரும் முன்பே கடிதத்தின் வேலை முடிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? போஸ்டன் நிலையம் தன் பொறுப்பில் அதைக் காட்டியது, கேட்ட நிலையங்களுக்கும் கொடுத்தது. பெரும்பாலான நிலையங்கள் வாங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த சீசனுக்கு எந்தக் குடும்பங்களைப் படம் பிடிக்கலாம் என்று நாலு பேர் உட்கார்ந்து பட்டியல் போடுகிறார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார். இன்னொருவர், “வேண்டாமே, இந்த வருடம் மானியம் புதுப்பிக்கணும்” என்கிறார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பில்லை, மானியம் போனால் முப்பது பேருக்கு வேலை போகும். பெயர் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. அதை யாரும் தணிக்கை என்று சொல்ல மாட்டார்கள். எங்கேயும் பதிவாகாது. எடுக்கப்பட்டுத் தடுக்கப்பட்ட ஒரு எபிசோடைப் பற்றி நான் இருபது வருடம் கழித்து எழுதுகிறேன். எடுக்கப்படாமலே போனவற்றைப் பற்றி யாரும் எழுத முடியாது.

நான் சொல்ல நினைப்பது இதைத்தான். அரசியல் அழுத்தம் என்றதும் நாம் நிதி வெட்டைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வெட்டு வரும் வருடத்தில் செய்தி வரும், கண்டனம் வரும், ரோஜர்ஸ் வீடியோ சுற்றும். வெட்டு வராத வருடங்களில்தான் அழுத்தம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஒவ்வொரு வருடமும் வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தைக் கொண்டே. 1995இல் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நியூட் கிங்ரிச் மொத்தமாக நிறுத்தப்போவதாகச் சொன்னார், நிறுத்தவில்லை. 2005 ஜூனில் பிரதிநிதிகள் சபையின் ஒரு குழு பெரிய வெட்டுக்கு வாக்களித்தது, சபை அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. 2012 தேர்தல் விவாதத்தில் ஜனாதிபதி வேட்பாளர் மிட் ராம்னி, தனக்கு செசமி ஸ்ட்ரீட்டில் வரும் மஞ்சள் பறவை பொம்மையைப் பிடிக்கும், ஆனாலும் பணத்தை நிறுத்துவேன் என்றார், விவாதத்தை நடத்திக்கொண்டிருந்த லேரர் முகத்துக்கு நேராகவே. இதையெல்லாம் தோல்வியடைந்த முயற்சிகள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் உள்ளே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது.

அதே 2005இல் இன்னொன்றும் நடந்தது. கழகத்தின் தலைவராக இருந்த கென்னத் டாம்லின்சன், செய்தியாளர் பில் மாயர்ஸ் பிபிஎஸ்ஸில் நடத்திய நிகழ்ச்சியில் எந்த விருந்தினர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கணக்கெடுக்க, இயக்குநர் குழுவுக்கே சொல்லாமல் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். கழகத்தின் உள் ஆய்வாளரே விசாரித்து, அவர் விதிகளை மீறியதாக நவம்பரில் அறிக்கை கொடுத்தார். டாம்லின்சன் விலகினார். அரசியல்வாதியின் கையைத் தடுக்க நடுவில் வைத்த கழகத்தின் நாற்காலியிலேயே அந்தக் கை வந்து உட்கார்ந்துவிட்டது. 1967இல் விட்ட முதல் ஓட்டை அது.

இந்த இடத்தில் உங்கள் நண்பர் குறுக்கே வந்து, “அப்படியானால் சாய்வே இல்லை என்கிறீர்களா?” என்று கேட்பார். இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்தி விவாத நிகழ்ச்சிகளில் யாரை அழைக்கிறார்கள், எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் அவருக்கு வரும் எரிச்சலில் நியாயம் இருக்கலாம். சர்ச்சைக்குரிய விஷயங்களில் நடுநிலையும் சமநிலையும் வேண்டும் என்று 1967 சட்டமே சொல்கிறது. அதைக் கேட்பதற்கு பிபிஎஸ்ஸில் வாசல் இருக்கிறது. பார்வையாளர் புகார்களை வாங்கி, தன் நிறுவனத்தையே கேள்வி கேட்டு வெளிப்படையாக எழுதும் ஒருவரை அவர்கள் 2005இல் நியமித்தார்கள். ஆனால் செய்தி சாய்கிறது என்பதுதான் புகார் என்றால், தண்டனை செய்திக்குத்தானே போக வேண்டும்? 2025 மே முதல் வாரத்தில் முதலில் போனவற்றில் ஒன்று, குழந்தைகளுக்கான அதே ‘ரெடி டு லேர்ன்’ மானியம். ஐந்து வருட மானியத்தில் பாக்கி இருந்ததைப் பாதியில் நிறுத்தினார்கள், இன நீதி பற்றிய உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி. படிக்கவும் எண்ணவும் கற்றுத்தருவதற்காக 1992இல் சட்டம் போட்டு ஆரம்பித்த திட்டம் அது.

அந்த வருடம் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நண்பரிடம் பேசும்போது உதவும். ஏப்ரல் கடைசியில் கழகத்தின் மூன்று இயக்குநர்களை நீக்கப் பார்த்தார் டிரம்ப். மே 1 அன்று பிபிஎஸ்ஸுக்கும் என்பிஆர் வானொலிக்கும் பணம் போகக்கூடாது என்று நிர்வாக ஆணை. அடுத்த நாளே மானிய ரத்து. ஆணையை எதிர்த்து பிபிஎஸ் மே மாதமே நீதிமன்றம் போனது. ஜூலையில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது, 24ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்திட்டார். அந்தச் சட்டம்தான் நான் முன்பு சொன்ன தடுப்புச்சுவரைத் தாண்டிய இடம். 2026, 2027 நிதியாண்டுகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கி முடித்திருந்த சுமார் 110 கோடி டாலரை அது பின்னோக்கிப் போய் ரத்து செய்தது. இரண்டு வருடம் முன்னதாகவே கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று 1975இல் நினைத்தார்கள், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கிறது. அதற்கு செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையே போதும்: 51க்கு 48. ஆளுங்கட்சியிலேயே அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கியும் மெயின் மாநிலத்தின் சூசன் காலின்ஸும் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று கழகம் தன்னை மூடப்போவதாக அறிவித்தது. ஆளுக்கு வருடத்துக்கு ஒன்றரை டாலர் சொச்சம், அவ்வளவுதான் அந்தப் பணம். பெரிய நகரத்து நிலையங்கள் நன்கொடையில் தப்பிவிடும். ஆள் குறைந்த, பணக்காரர்கள் இல்லாத ஊர்களின் நிலையங்கள் சிலவற்றுக்குத்தான் வரவில் பாதியும் அதற்கு மேலும் இதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

யூடியூப் இருக்கிறதே என்பதற்கு வருகிறேன். சந்தையிடம் விட்டுப்பார்க்காமலா இதை ஆரம்பித்தார்கள்? விட்டுப்பார்த்து, எண்பதுகளில் மறுபடியும் ஒருமுறை விட்டுப்பார்த்தார்கள். தகவல்தொடர்பு ஆணையத் தலைவர் மார்க் ஃபௌலர், தொலைக்காட்சியும் ஒரு வீட்டுச் சாமான்தான், படம் காட்டும் டோஸ்டர் என்று சொல்லி விதிகளைத் தளர்த்தினார். பொம்மைக் கம்பெனிகளின் பொம்மைகளே நாயகர்களாக வரும் கார்ட்டூன்கள் வந்து குவிந்தன, நிகழ்ச்சி எது விளம்பரம் எது என்று பெரியவர்களுக்கே தெரியாத அளவுக்கு. 1990இல் குழந்தைகளுக்கென்று கொஞ்சமாவது கல்வி நிகழ்ச்சி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். விண்வெளியில் குடியிருக்கும் குடும்பத்தைப் பற்றிய பழைய நகைச்சுவைக் கார்ட்டூன் ஒன்றைக் காட்டி, இது எதிர்கால வாழ்க்கையைக் கற்பிக்கிறது என்று எழுதிக்கொடுத்த நிலையங்களும் இருந்தன. கடைசியில் 1996இல் வாரத்துக்கு மூன்று மணிநேரம் என்று அளவு வைக்க வேண்டியிருந்தது. யூடியூப் 2019இல் குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோருக்குத் தெரியாமல் சேகரித்த வழக்கில் 17 கோடி டாலர் கட்டியது. அங்கே நல்ல வீடியோவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நிறைய இருக்கிறது. ஆனால் அடுத்து எந்த வீடியோ ஓட வேண்டும் என்று அங்கே முடிவு செய்வது எது, எதற்காக, என்பதை உங்கள் நண்பரே யோசிக்கட்டும்.

இரண்டு முறை அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருக்கிறேன். பேத்திக்கு அப்போது மூன்றரை வயது. காலையில் அவளோடு சேர்ந்து நானும் பார்ப்பேன், வேறு வேலை என்ன? ஒரு நாள் திரையில் ஒரு கதாபாத்திரம் இவளைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு, சும்மா நின்றது. பேச்சில்லை, பாட்டில்லை. மூன்று நான்கு விநாடி இருக்கும். டிவி நின்றுவிட்டது என்று நினைத்து நான் ரிமோட்டைத் தேடினேன். பேத்தி சோபாவில் எழுந்து நின்று பதிலைக் கத்தினாள். அது தலையாட்டிவிட்டு மேலே பேசியது. அந்த மூன்று விநாடி மௌனம் அவளுக்காக விட்டது. விளம்பரக் காசில் ஓடும் சேனல்கள் பலவும் திரையை மூன்று விநாடி சும்மா விடத் தயங்கும், பிள்ளை வேறு பக்கம் போய்விடும் என்று பயப்படும்.

அந்த மௌனம் தற்செயலாக வந்ததில்லை. செசமி ஸ்ட்ரீட்டை ஆரம்பித்தபோது எட்வர்ட் பால்மர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், சில விநாடிக்கு ஒருமுறை புதுப் படம் காட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளையை உட்காரவைத்து, நிகழ்ச்சியின் எந்த இடத்தில் கண் ஸ்லைடு பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே வருவார்கள். 1969 ஜூலையில் ஐந்து சோதனை எபிசோடுகளை எடுத்துப் பார்த்தார்கள். பொம்மைகளையும் நிஜ மனிதர்களையும் ஒரே காட்சியில் கலக்காதீர்கள், குழந்தை குழம்பும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள், அப்படியே எடுத்திருந்தார்கள். தெருவில் மனிதர்கள் மட்டும் பேசும் இடமெல்லாம் குழந்தைகளின் கண் வேறு பக்கம் போனது. நிபுணர்கள் சொன்னதைத் தூக்கி வைத்துவிட்டு, தெருவிலேயே மனிதர்களோடு குடியிருக்கும் பொம்மைகளை உருவாக்கினார்கள். அந்த மஞ்சள் பறவை அப்படி வந்ததுதான்.

ஒரு நிகழ்ச்சியை இப்படித்தான் திருத்த வேண்டும் என்று நான் நம்புகிறேன். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். 2005க்கு அப்புறம், வாஷிங்டனில் யார் முகம் எப்படிப் போகும் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு குழந்தையின் கண்ணையும் ஓர் அமைச்சரின் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு பாடம் நடத்த முடியுமா? நான் சில காலம் பள்ளியில் பாடம் நடத்தியவள். முடியாது.

பணம் போனதால் பயமும் போய்விட்டது, இனி சுதந்திரமாக எடுக்கலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அரசுப் பணம் போன இடத்தில் பெரிய நன்கொடையாளர் வந்து உட்காருவார், அவருக்கும் ஒரு முகம் உண்டு. மாநில அரசுகளும் சும்மா இருப்பதில்லை. 2023இல் ஓக்லஹோமா கவர்னர் அங்கிருக்கும் பொதுத் தொலைக்காட்சியைத் தொடர்ந்து நடத்துவதற்கான மசோதாவையே வீட்டோ செய்தார், அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம்தான் அதைப் புறந்தள்ளி நிலையத்தைக் காப்பாற்றியது. அந்த உறுப்பினர்களின் தொகுதிகளில் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெற்றோர் கேட்டார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாஷிங்டனைப் பற்றிக் கவலைப்படுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்கள் ஊர் நிலையம் எது என்று பாருங்கள். மாதம் ஐந்து டாலரோ பத்து டாலரோ அங்கே கட்டுங்கள். ஒரு பெரியவர் தரும் பத்தாயிரத்தைவிட ஆயிரம் பேர் தரும் பத்து டாலர் அவர்களை நிம்மதியாக வைத்திருக்கும், ஒருவர் கோபித்துக்கொண்டால் பத்துதான் போகும். பல நிலையங்களில் ஊர்க்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும், அதன் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய புகாரை அவர் அங்கேயே சொல்லட்டும், அதற்கான இடம் அதுதான். நீங்கள் உங்கள் முறை வரும்போது, அந்த மேப்பிள் சர்க்கரை எபிசோடை 2005இல் இந்த நிலையம் காட்டியதா, காட்டவில்லை என்றால் அந்த முடிவை யார் எடுத்தார் என்று கேளுங்கள். அன்றைக்கு இருந்தவர் யாராவது இன்னும் அங்கே வேலையில் இருக்கலாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.